சக்கர நாற்காலியோடு நடிப்புப் பட்டறைக்குப் போகிறேன், முன்கூட்டியே என்னவெல்லாம் கேட்பது?

மேடைப்பித்து:
எனக்குச் சக்கர நாற்காலிதான் கால். ஏழெட்டு வருடமாகச் சின்னச் சின்ன நாடகங்களில் நடிக்கிறேன், முறையான பயிற்சி கிடையாது. இப்போது பத்து நாள் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. "சாய்தளம் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். முன்பு வேறொரு இடத்திலும் இதையேதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் சாய்தளம் பார்வையாளர் வாசலில், மேடைக்கு ஆறு படி! நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கி வைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, முதல் பயிற்சியே "எழுந்து நின்று பாதம் தரையில் பதிவதை உணருங்கள்". வேடிக்கை பார்த்தே மூன்று நாளை ஓட்டினேன். இந்தத் தடவை என்ன கேட்டுக்கொண்டு போகலாம்? நிறையக் கேட்டால் 'இது தொல்லை' என்று இடத்தையே எடுத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

கைமொழி:
சாய்தளக் கதை எல்லா ஊரிலும் உண்டு. 2019இல் அமெரிக்க நடிகை அலி ஸ்ட்ரோக்கர் அந்த ஊரின் பெரிய நாடக விருதான டோனி விருதை வாங்கினார், சக்கர நாற்காலியில் இருக்கும் நடிகர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த விருது விழாவிலேயே பார்வையாளர் பக்கமிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் அவர் மேடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்குக் காது கேட்காது. ஒரு பட்டறையில் "கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கற்பனை செய்யுங்கள்" என்றார் பயிற்சியாளர். கண்ணை மூடினால் சைகை மொழிபெயர்ப்பாளரை எப்படிப் பார்ப்பது? சரி என்று மூடினேன். யாரோ தோளைத் தட்டியபோது எல்லோரும் அடுத்த பயிற்சிக்குப் போயிருந்தார்கள். அதனால் கட்டடத்தை மட்டும் விசாரிக்காதீர்கள், முதல் இரண்டு நாளின் பயிற்சிகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எது உங்கள் உடம்புக்கு ஒத்துவராது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று போகும் முன்பே பேசிவிடலாம்.

பழைய ஒத்திகைக்காரன்:
நான் பயிற்சி கொடுக்கும் பக்கம். கேட்டால் தொல்லை என்று நினைப்பவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வந்த பிறகு முதல் நாள் காலையில் தெரியவந்து முழிப்பதைவிட ஒரு பக்கக் கடிதம் கையில் இருப்பது எங்களுக்கு எவ்வளவோ மேல். வெளிநாட்டுக் குழுக்களில் இதை 'அக்சஸ் ரைடர்' என்பார்கள். என்ன வியாதி என்றெல்லாம் எழுத வேண்டாம், என்ன தேவை என்று மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், உதவியாளர் கூட வந்தால் அவர் சாப்பாடும் தங்கலும் யார் செலவு. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதில்தான் சண்டையே வரும்.

இன்னொன்று. ஒரு நாடகத்தில் பார்வையற்ற நடிகர் ஒருவருக்காக மேடை விளிம்புக்கு இரண்டு அடி முன்னால் கயிறு போட்டு மேலே டேப் ஒட்டினோம். வெறுங்காலில் தட்டுப்பட்டதும் திரும்பிவிடுவார். நாலாவது ஒத்திகையில் பார்த்தால் இருட்டுக் காட்சியில் கண் தெரிந்தவர்களும் அந்தக் கயிற்றைத்தான் காலால் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா_ஒருவன்:
தப்பாக நினைக்க வேண்டாம், மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பட்டறையே நடத்தினால் இந்தச் சிக்கல் வராதே?

கைமொழி:
தனியாகவும் வேண்டும்தான். இங்கிலாந்தில் 1980இல் தொடங்கிய கிரேஐ குழு மாற்றுத்திறனாளிகள் நடத்துவது, அங்கே சைகை மொழியும் எழுத்துத் திரையும் நாடகத்தை உருவாக்கும்போதே உள்ளே வந்துவிடுகின்றன, கடைசியில் ஒட்டவைப்பதில்லை. அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் நடிக்கும் ஆஸ்திரேலியாவின் பேக் டு பேக் குழு 2022இல் நாடகத்துக்கான சர்வதேச இப்சன் விருதே வாங்கியது. ஆனால் தனி என்பது நாங்கள் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும். மற்ற கதவையெல்லாம் சாத்திவிட்டு 'அங்கே போ' என்றால் அதற்குப் பேர் வேறு.

மேடைப்பித்து:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன், உதவியாளர் செலவு உட்பட. 'எழுந்து நில்லுங்கள்' பயிற்சிக்குப் பதிலாக, நாற்காலிச் சக்கரத்தின் எடை கைக்கு ஏறுவதைக் கவனிக்கிற மாதிரி நானே ஒன்றை யோசித்து எழுதியிருக்கிறேன், மற்றவர்களும் உட்கார்ந்து செய்து பார்க்கட்டும். கழிப்பறைக் கதவை அளந்து சொல்லச் சொன்னதற்கு இன்று காலை பதில் வந்தது: "அளக்கிற டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்."