கேஜில் 110 காட்டுகிறது: கேஸ் நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

வேலூர்வாசி

1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்32 கேஸ், மாட்டி நாலு வருஷம் ஆகிறது. பைப் நீளம் 4 மீட்டர்தான். வெயில் தொடங்குமுன் சர்வீஸுக்கு வந்தவர், ஃபில்டரைக்கூடக் கழற்றாமல் முதலில் கேஜை (கேஸ் பிரஷர் அளக்கும் மீட்டர்) மாட்டினார். ஓடும்போது 110 பிஎஸ்ஐ (பிரஷர் அலகு) காட்டியது. 150 இருக்க வேண்டும், கேஸ் கம்மி, டாப்-அப் செய்யணும் என்கிறார். அறை குளிர்கிறது, ஆனால் போன வருஷ அளவுக்கு இல்லை. கேஸ் போடச் சொல்லலாமா? சர்வீஸில் வேறு என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

கேஜ்செட்

இப்போதைக்கு வேண்டாம் சார். அந்த 110-ஐ வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது.

ஆர்32-ல் 110 பிஎஸ்ஐ என்றால் உள்காயிலில் (அறை யூனிட்டின் குளிரும் குழாய்ச் சுருள்) கேஸ் ஏறக்குறைய 2 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். 150 என்றால் 11 டிகிரிக்குப் பக்கம். கேஸ் குறைந்தாலும் பிரஷர் இறங்கும். ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் இறங்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகம் கூட்டினாலும் இறங்கும். மூன்றில் எது என்று கேஜ் சொல்லாது. ஃபில்டரைத் தொடாமல் எடுத்த ரீடிங்குக்கு அதனால்தான் மதிப்பில்லை.

மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கும் பிரஷரும் உதவாது. 30 டிகிரி வெயிலில் நிற்கும் ஆர்32 மெஷின் சுமார் 265 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 900 கிராம் இருந்தாலும் அதுதான், 500 கிராம் இருந்தாலும் அதுதான். கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை பிரஷரைத் தீர்மானிப்பது வெப்பநிலை, அளவு இல்லை.

சரியான வரிசை இது. மெயின் சுவிட்சை அணைத்து 10 நிமிஷம் விடுங்க. இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் கரன்ட் தங்கியிருக்கும். ஃபில்டர், உள்காயில், ப்ளோயர் (அறைக்குள் காற்றைத் தள்ளும் உருளை விசிறி), அவுட்டோர் காயில் எல்லாவற்றையும் கழுவணும். பெரும்பாலும் விட்டுப்போவது ப்ளோயர்தான். அதன் ஒவ்வொரு பிளேடின் குழிவிலும் கரும்பசை மாதிரி அழுக்கு ஒட்டியிருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் போகாது, பிரஷ் வைத்துத் தேய்க்கணும். பிறகு ஃபோர்ஸ்டு கூலிங்கில் (கம்ப்ரஸரை நிலையான வேகத்தில் ஓட்டும் சோதனை மோடு) ஓட விடுங்க. பல மாடல்களில் இன்டோரில் உள்ள எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த மோடுக்குப் போகும். எத்தனை விநாடி என்பது மேனுவலில் இருக்கும். கம்ப்ரஸர் நிலையான வேகத்துக்கு வந்து 15-20 நிமிஷம் ஆன பிறகு பாருங்க:

- உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொடவே வேண்டாம். ஈரப்பதம் அதிகமான நாளில் இது கொஞ்சம் குறையும்.
- முன்பேனலைத் திறந்து காயிலைப் பாருங்க. கேஸ் குறைவு என்றால் மெல்லிய பைப் நுழையும் இடத்தில் சில குழாய்களில் மட்டும் பனி பிடிக்கும். மற்ற பகுதி காய்ந்து, தொட்டால் அறைச் சூட்டில் இருக்கும். காற்று குறைவு என்றால் காயில் முழுக்கப் பரவலாக ஐஸ் கட்டும்.
- அவுட்டோர் வால்வில் இரண்டு பைப்பும் வேர்த்திருப்பது நல்ல அறிகுறி. மெல்லியதில் பனி, தடித்தது காய்ந்திருக்கிறது என்றால்தான் சந்தேகப்படணும்.

ஃப்ளேர்நட்

மேலே சொன்னது எல்லாம் சரி. இன்னொன்று: ஸ்பிளிட்டில் எக்ஸ்பேன்ஷன் வால்வு (திரவ கேஸின் பிரஷரை இறக்கும் வால்வு) அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால் கூலிங்கில் இரண்டு பைப்புமே லோ சைடுதான், அதாவது பிரஷர் குறைந்த பக்கம். சப்கூலிங் (ஹை பிரஷரில் திரவமான கேஸ் அதற்குமேல் எவ்வளவு குளிர்ந்தது என்ற அளவு) அளக்க வழியில்லை. ஆகவே எடை போட்டு ஏற்றுவது ஒன்றுதான் துல்லியமான முறை.

கழுவிய பிறகும் கேஸ் குறைவு உறுதியானால் லீக் இருக்கிறது. கேஸ் தேய்ந்து தீர்வதில்லை. நாலு ஃப்ளேர் நட்டிலும் (பைப்பின் விரித்த முனையை, அதாவது ஃப்ளேரை, யூனிட்டோடு இணைக்கும் நட்) எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்க, சோப்பு நுரை போடுங்க. இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) கேளுங்க: கால் இன்ச் நட்டுக்கு 14-18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச்சுக்கு 49-61. கைக்கணக்கில் கூடுதலாக முறுக்கினால் ஃப்ளேர் நசுங்கி அங்கேயே கசியும்.

லீக்கை அடைத்த பின் செய்ய வேண்டியது: மிச்ச கேஸை ரெகவரி சிலிண்டருக்கு எடுப்பது, நைட்ரஜன் 400 பிஎஸ்ஐ அடைத்து ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா பார்ப்பது, வேக்யூம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்கு (வேக்யூம் அளக்கும் அலகு) கீழே கொண்டுபோய் பம்பை நிறுத்தியும் நிற்கிறதா பார்ப்பது, கடைசியில் தராசில் வைத்து அவுட்டோர் ஸ்டிக்கரில் அச்சிட்ட அளவு. உங்கள் பைப் 4 மீட்டர்தான் என்பதால் கூடுதல் கேஸ் தேவைப்படாது. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் அடைப்பதை அனுமதிக்கவே கூடாது, கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்32 தீப்பற்றக்கூடியது, கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் வெல்டிங் கூடாது.

ஆர்32 ஒரே பொருள், கலவை இல்லை. அதனால் டாப்-அப் செய்தால் கலவை கெடும் என்ற பயம் இதற்கு இல்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் போடுவதுதான் கோளாறு. அதிகமானால் ஹை பிரஷரில் டிரிப் ஆகும், கரன்ட் கூடும், திரவம் திரும்பி வந்து கம்ப்ரஸரைக் கெடுக்கும்.

வேலூர்வாசி

நன்றி. ஆசிட் போட்டுக் கழுவினால் காயில் பளிச்சென்று ஆகும் என்கிறார். சரியா? தண்ணீரும் அவ்வப்போது உள்ளே சொட்டுகிறது.

கேஜ்செட்

ஆசிட் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஃபின்னை (காயிலின் மெல்லிய தகடுகள்) அரிக்கும், மேலே உள்ள நீலப் பூச்சையும் எடுத்துவிடும். வெறும் தண்ணீர், தேவைப்பட்டால் அலுமினியத்துக்கு ஏற்ற காயில் கிளீனர் போதும். பிரஷர் தண்ணீரை ஃபின்னுக்கு நேராக, தள்ளி நின்று அடிக்கணும்; பக்கவாட்டில் அடித்தால் ஃபின் மடங்கிக் காற்று அடைபடும். இன்டோர் போர்டை பிளாஸ்டிக் கவரால் மூடிய பிறகே தண்ணீர்.

சொட்டுவது டிரெயின் தட்டில் பாசி சேர்ந்திருப்பதால் இருக்கலாம். தட்டைச் சுத்தம் செய்து ஒரு லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றச் சொல்லுங்க. அத்தனையும் வெளிக்குழாயில் வரணும். காயிலில் ஐஸ் கட்டி உருகினாலும் இப்படிச் சொட்டும், அதனால் முதலில் ப்ளோயரைச் சுத்தம் செய்யணும்.

ஃப்ளேர்நட்

கழுவிய பின் இரண்டு காற்றின் டிகிரியையும் இங்கே போடுங்க. கேஜை மறுபடி மாட்டச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறை ஹோஸ் கழற்றும்போதும் கொஞ்சம் கேஸ் போகும்.