காது நரம்புக் கட்டி கேன்சரா மாறுமா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எனக்கு வலது காது. போனை அந்தப் பக்கம் வச்சா சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது, போன்தான் ரிப்பேர்னு நினைச்சு ரெண்டு போன் மாத்தினேன் (சிரிக்காதீங்க). அப்புறம் முகத்துக்கு சோப்பு போட்டு கண்ணை மூடினா ஆளே ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சேன். காண்ட்ராஸ்ட் போட்டு எம்ஆர்ஐ எடுத்ததுல வெஸ்டிபுலர் ஷ்வானோமா, 14 மிமீ, கேன்சர் இல்ல, நரம்பு உறையில வர்ற சாதா கட்டின்னாங்க. காமா நைஃப் (பேருதான் கத்தி, கட்டி மேல குவிச்சு விடற கதிர் சிகிச்சை), ஒரே சிட்டிங், கதிர் அளவு 12 கிரே.

எட்டு மாசம் கழிச்சு ஸ்கேன்ல 17 மிமீ! டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே கவரைப் பிரிச்சுப் பாத்துட்டு ராத்திரி பூரா நெட்ல தேடி தூக்கமே போச்சு. மறுநாள் அவர் ஸ்கிரீன்ல காட்டினார், நடுவுல கறுத்துப் போயிருக்கு பாருங்க, கதிர் பட்டு உள்ள செத்துட்டு இருக்கு, அந்த வீக்கம்தான், ஒண்ணு ஒன்றரை வருஷம்கூட இருக்கும்னார். அடுத்தது 15, அதுக்கடுத்தது 12. அப்படியே நிக்குது.

---

உங்களுக்கு நல்லபடியா போனதுல சந்தோஷம்ங்க. எங்க அக்கா வீட்டுக்காரருக்கு நிஜமாவே மாறிடுச்சு, ரொம்ப ரொம்ப அபூர்வம்தான், பயமுறுத்த எழுதல. ரேடியேஷன் முடிஞ்சு ஆறு வருஷம் கட்டி அசையவே இல்ல. ஒருநாள் வாய் கொப்புளிக்கறப்ப தண்ணி ஓரமா ஒழுகுது, மூணே வாரத்துல அந்தப் பக்கக் கண்ணை மூட முடியல. காது நரம்பை ஒட்டித்தான் முக நரம்பு போகுதாம், சாதா கட்டி மெதுவா வளரும்போது அது பெரும்பாலும் தாக்குப்பிடிச்சுடும், இவ்ளோ வேகமா முகம் இழுத்துக்கிட்டதுமே டாக்டர் முகமும் மாறிடுச்சு. நாலு மாசத்துல கட்டி ரெண்டு மடங்கு. ஸ்கேனை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு ஆபரேஷன் பண்ணி எடுத்து பயாப்சி பாத்துதான் உறுதி பண்ணாங்க. நாமதான் கதிர் குடுத்துக் கெடுத்துட்டோமான்னு அக்கா கேட்டப்ப, கதிரே வாங்காதவங்களுக்கும் வந்திருக்கும்மா, உங்க வீட்டுக்காரருக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னார்.

---

எனக்கு என்எஃப்2ன்னு நரம்புகள்ல கட்டி வர்ற ஒரு மரபணு நோய், ரெண்டு காதுலயும் கட்டி. ஜீன்லயே கோளாறு இருக்கறதால எங்களுக்குக் கதிர்னாலே டாக்டருங்க கூடுதலா யோசிக்கறாங்க. வலது பக்கம் ஆபரேஷன்தான் பண்ணாங்க, காது போச்சு, முகம் தப்பிச்சுது. இடது பக்கம் ஸ்கேன்ல பாத்துட்டே இருக்காங்க.

---

ஆறு வருஷம் கழிச்சா?? அஞ்சு வருஷம் ஆச்சே, இனிமே ஸ்கேன் எதுக்குன்னு இந்தத் தடவை விடலாம்னு இருந்தேன். காலையில முதல் வேலையா போன் போட்டு தேதி கேக்கறேன், இடது காதுலதான்.