தண்ணீர் எங்கே போகிறது? ஹெட் கிராக் அனுபவங்கள்

சங்ககிரி லாரிக்காரர்:
ஆறு சக்கர வண்டி. என்ஜின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகமான ஹெட் வார்ப்பிரும்பு. திம்பம் மலைப்பாதை ஏற்றத்தில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. டிரைவர் ஓரம் கட்டுவதற்குள் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஆறவிட்டு, பெல்ட் மாற்றி ஊர் வந்து சேர்ந்தார். வண்டி நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் அதிலிருந்து ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைந்தது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. காலையில் ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குபுகுபுவென்று குமிழி. ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்தான் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பழையபடி அதே கதை. மறுபடி கழற்றி லேத்துக்கு அனுப்பினோம். ஹெட்டில் வால்வுகள் வந்து உட்காரும் இரண்டு சீட்டுக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு கீறல்!

கோவை பட்டறைக்காரர்:
அண்ணே, எங்களிடம் வரும் ஹெட்டுகளிலும் அதே இடம்தான் அதிகம் விரியும். வால்வுகளுக்கு நடுவே உலோகம் மெலிசு. ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் சூடு, மறுபக்கம் இன்லெட் காற்றின் குளிர்ச்சி. இதில் தண்ணீர் ஓட்டமும் நின்றால் தாங்காது.

கேஸ்கெட் போனாலும் கிராக் விழுந்தாலும் வெளியே காட்டும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கழற்றிய ஹெட்டை டெஸ்ட் செய்யாமல் மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர்த் துளைகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்குவோம். சில கீறல் சூட்டில்தான் வாய் திறக்கும், பச்சைத் தண்ணீரில் முக்கினால் ஏமாற்றிவிடும். வெளிப்பரப்புக் கீறலுக்குச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தால் கோடு தானாகத் தெரியும். காந்த டெஸ்ட் இரும்புக்கு மட்டும்தான், அலுமினியத்துக்கு ஆகாது.

கீறல் இருந்தாலே ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்பதும் இல்லை. சில டீசல் ஹெட்டுகளில் வால்வு நடுவே மேலோட்டமான கீறலைக் கம்பெனி கையேடே ஓரளவுக்கு அனுமதிக்கிறது. தண்ணீர்ப் பாதையைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி.

பட்டுக்கோட்டை விவசாயி:
எங்கள் பக்கம் டீசல் பம்ப்செட்டில் வேறு மாதிரி நடக்கும். பம்பு இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரிந்து என்ஜினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் சருகு மாட்டித் தண்ணீர் நின்றுவிட்டால் என்ஜின் காய்ந்து கொதிக்கும். வரப்பில் இருக்கும் ஆள் ஓடி வந்து, நிறுத்தாமலே ஒரு குடம் தண்ணீரை பம்பில் ஊற்றி ஓட்டத்தை மீட்டுவிடுவான். பச்சைத் தண்ணீர் சுட்ட இரும்பில் பாய்ந்ததும் ‘டப்’. என் சித்தப்பா என்ஜினில், சிலிண்டர் இருக்கும் உடம்பான பிளாக்கின் தண்ணீர்ச் சுவர் அப்படித்தான் விரிந்தது. உள்ளூரில் சாதாரண வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடம் பிடித்து நின்றது, ஆனால் அதை ஒட்டிப் பக்கத்திலேயே புதுக் கீறல் ஓடியது. அது ஏன் தம்பி?

கோவை பட்டறைக்காரர்:
ஐயா, வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். பற்றவைத்த ஓரம் சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை வந்துவிடும். முழுப் பாகத்தையும் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். தண்ணீர்ச் சுவருக்கு நான் வெல்டிங்கே சொல்வதில்லை. கீறலின் இரண்டு முனையிலும் துளை போட்டால் மேலே ஓடாது. அப்புறம் கீறல் நெடுக ஒன்றையொன்று தொடுகிற மாதிரி துளையிட்டு, மரை வெட்டி, பிளக் திருகி, தேய்த்து விடுவோம். சூடே படாத வேலை. நேரம்தான் பிடிக்கும்.

மதுரை கார்க்காரர்:
என்னுடையது அலுமினிய ஹெட். ஆயில் மூடிக்கு அடியில் காபி நிற நுரை பார்த்துப் பயந்துபோனேன். குறைந்த தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பசையாலும் அப்படி வரும் என்றார்கள். ஆனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலண்டும் குறைந்துகொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால் கிராக். ஆர்கான் வெல்டிங் செய்து, அடிப்பரப்பைச் சமமாகச் சீவும் ஃபேசிங் அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு பட்டறையில் முதலில் கடினம் அளந்தார்கள். அதிகச் சூட்டில் உலோகம் மெத்துப் போயிருந்தது, போல்ட் பிடி நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு ஹெட்தான் மாட்டினேன். ரேடியேட்டரில் ஊற்றுகிற அடைப்பு மருந்தையும் ஒரு கடைக்காரர் நீட்டினார். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும், நான் வாங்கவில்லை.

சங்ககிரி லாரிக்காரர்:
நானும் கடைசியில் பழைய ஹெட் ஒன்று பிடித்தேன். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பணம் கொடுக்கும் முன் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொன்னேன். முதல் ஹெட்டிலேயே குமிழி வந்தது. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அது தேறியது. கூடவே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், புது பெல்ட், குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலண்ட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வரிசைப்படி போல்ட் இறுக்கம். இப்போது தண்ணீர் குறைவதில்லை.