விஆரில் பக்கத்தில் வரும் பொருள் கண்ணை உறுத்துகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக, மனித இதயத்தை விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டில் காட்டும் பாடம் ஒன்றை யூனிட்டி என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து வருகிறேன். இதயம் இரண்டு மீட்டர் தள்ளி மிதக்கும்வரை யாருக்கும் சிரமமில்லை. வால்வைப் பார்க்க 30 செ.மீ. வரை இழுத்தால் போதும், கண்ணைக் கசக்கிக்கொண்டு கழற்றிவிடுகிறார்கள்.

காரணம் புரிகிறது. எங்கள் ஹெட்செட்டின் குவியம், அதாவது படம் தெளிவாகத் தெரியக் கண் குவிய வேண்டிய தூரம், சுமார் 1.3 மீட்டரில் நிலையாக நிற்கிறது. 30 செ.மீ.யில் இருப்பதைப் பார்க்க இரு கண்களும் சேர்ந்து மொத்தம் ஏறத்தாழ 12 டிகிரி உள்நோக்கித் திரும்ப வேண்டும், கண் லென்ஸோ 1.3 மீட்டருக்கே குவிய வேண்டும். இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2.5 டையாப்டர் (மீட்டரில் உள்ள தூரத்தால் ஒன்றை வகுத்தால் வரும் குவிய அளவு). இந்த முரண்பாடே சோர்வைத் தருகிறது என்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பார்வை ஆய்வாளர் மார்ட்டின் பேங்க்ஸின் குழு 2008-லேயே காட்டியிருக்கிறது. வித்தியாசத்தை அரை டையாப்டருக்குள் வைத்தால் நல்லது என்பார்கள். அப்படியானால் 80 செ.மீ.க்குக் கிட்டே கொண்டுவரவே கூடாது.

அங்கேயே நிறுத்தி, இதயத்தை மட்டும் பெரிதாக்கலாம். ஆனால் கையில் ஏந்திப் பார்க்கும் அனுபவம் போய்விடும். அதை இழக்க எனக்கு மனமே வரவில்லை, பாடத்தின் உயிரே அதுதான்.

பக்கத்தில் வரும்போது இரு கண் படங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் குறைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வடிவம் தட்டையாகத் தெரிந்ததா? அப்புறம், கண் மருத்துவர்கள் யாராவது இருந்தால்: மறைந்திருக்கும் மாறுகண் உள்ள மாணவர்களை முன்கூட்டியே கண்டறிய எளிய சோதனை எது? அடுத்த மாதம் வகுப்பில் பயன்படுத்த வேண்டும், சின்ன யோசனையானாலும் எழுதுங்கள்.