அன்பியக் கூட்டத்தில் நற்செய்திப் பகிர்வு: யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

புதுப் பொறுப்பாளர்
எங்க அன்பியத்துல, அதாவது பக்கத்துப் பக்கத்துல இருக்குற கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுற குழுவுல, 28 குடும்பம். கூட்டத்துக்கு வர்றது 12, 15 பேர்தான். மாசம் ரெண்டு தடவை, ஏதாவது ஒரு வீட்ல, ராத்திரி ஏழரைக்கு. செபமாலை முடியவே 25 நிமிஷம் ஆயிடுது. அப்புறம் நற்செய்தி வாசிச்சு "பகிர்ந்துக்கலாம்"னு சொன்னா எல்லாரும் தரையைப் பார்க்குறாங்க. இல்லேன்னா பெரியவர் ஒருத்தர் இருபது நிமிஷம் பிரசங்கம் வைக்கிறார். பங்குக் கோவில்ல, நற்செய்திப் பகிர்வு நடத்துற முறைன்னு 'ஏழு படி' தாள் ஒண்ணு குடுத்திருக்காங்க. அதை அப்படியே படிச்சுட்டுப் போனா போதுமா?

கோவில்மணி
தாளைப் படித்துக்கொண்டே போனால் அதுவும் இன்னொரு செபமாகிவிடும். ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் பிறந்தது. ஆஸ்வால்டு ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரு குருக்கள் உருவாக்கினார்கள், இருவரும் பின்னாளில் ஆயர்களானார்கள். சாமியார் எப்போதாவதுதான் வந்துபோகும் ஊர்களில், பிரசங்கம் வைக்க ஆளில்லாமலே மக்கள் கூடி நடத்த வேண்டும் என்பதுதான் கணக்கு. பிரசங்கம் உள்ளே நுழைந்தால் முறையே படுத்துவிடும்.

முதலில் செபமாலையைக் குறையுங்கள். மாதா வணக்க மாதங்களான அக்டோபர், மே தவிர மற்ற மாதங்களில் செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் போதும். முழுச் செபமாலை வேண்டுமென்றால் மாதத்தின் இன்னொரு கூட்டத்துக்குத் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே ராத்திரியில் வைத்தால் பகிர்வு வரும்போது மணி எட்டே கால், அம்மாக்களுக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடும்.

முதல் படி, ஆண்டவரை அழைப்பது: யாராவது ஒருவர் சொந்த வார்த்தையில், இரண்டு நிமிடம். இரண்டாவது, வாசிப்பது. "மாற்கு 10" என்று மட்டும் சொல்லி, எல்லார் கையிலும் பக்கம் விரியும்வரை காத்திருந்து, பிறகு "46 முதல் 52" என்று சொல்லுங்கள். அவசரப்பட்டால் பாதிப் பேர் கடைசிவரை பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது படிதான் உயிர். ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லை, அல்லது சின்னத் தொடரை, மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும், நடுவில் சின்ன இடைவெளி விட்டு. விளக்கம் கூடாது. இயேசு பார்வை கொடுத்த பர்த்திமேயு பற்றிய அந்த மாற்கு பகுதியில் ஒரு அம்மா "மேலுடையை எறிந்துவிட்டு" என்று மூன்று முறை சொன்னால் அவ்வளவுதான், அடுத்தவர். பேசப் பயப்படுகிறவர்களும் இதைச் செய்துவிடுவார்கள். குரல் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் ஐந்தாம் படியில் பேச்சு தானாக வரும். எல்லாரும் சொன்ன பிறகு முழுப் பகுதியையும் இன்னொரு தரம் வாசியுங்கள்.

நான்காவது மௌனம், மூன்று நிமிடம். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நாற்பதாவது நொடியில் யாராவது பாட்டை எடுத்துவிடுவார்.

ஐந்தாவது பகிர்வு, 15 நிமிடம். "இந்தப் பகுதி என்ன சொல்லுது?" என்று கேட்காதீர்கள், அது மறைக்கல்வி வகுப்புக் கேள்வி. "எந்த வார்த்தை உங்களைத் தொட்டுச்சு, ஏன்?" என்று கேளுங்கள். "நான்" என்றுதான் பேச்சு தொடங்க வேண்டும். "நாமெல்லாம்", "நீங்க" என்று ஆரம்பித்தால் பிரசங்கம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதிலோ அறிவுரையோ சொல்லக் கூடாது. அந்தப் பெரியவரைத் தனியாகப் பார்த்து, "ஐயா, வாசிப்பு உங்க பொறுப்பு, பகிர்வுல நீங்க கடைசியா பேசுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கூட்டத்தில் வைத்து நிறுத்தினால் அவரும் வரமாட்டார், அவர் வீட்டாரும் வரமாட்டார்கள்.

ஆறாவது, செயல். ஏழாவது, அவரவர் வார்த்தையில் செபம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

அக்கரைச்சீமை
ஒரு சின்ன விஷயம். எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறார்களா பாருங்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "மேலுடை". போனில் பலர் இறக்கி வைத்திருப்பது பழைய மொழிபெயர்ப்பு, அதில் "மேல்வஸ்திரம்". மூன்றாம் படியில் ஒருவர் "வஸ்திரம்" என்றதும் மற்றவர்கள் வசனம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

மெழுகுதிரி
கோவில்மணி அண்ணன் ஆறாம் படியை ஒரு வரியில் தாண்டிட்டார். எங்கேயும் சறுக்குறது அங்கதான். "அன்பாக வாழ்வோம்"னு தீர்மானம் போட்டா அது தீர்மானமே இல்லை. யாரு, என்ன, எந்தக் கிழமைக்குள்ள, மூணும் நோட்டுல ஏறணும். அடுத்த கூட்டத்துல ஆறாம் படியே "போன தடவை சொன்னது ஆச்சா?"ன்னு ஆரம்பிக்கணும்.

உதாரணத்துக்கு, நம்ம தெருவுல வீட்ல படுக்கையா கிடக்குற பாட்டிக்கு நற்கருணை, அதாவது பூசையில குடுக்குற அப்பம், கிடைக்கச் செய்யுறது. ஒருத்தர் பங்குத்தந்தைகிட்ட பேர் குடுக்கணும். இன்னொருத்தர் நற்கருணை கொண்டு வர்ற அன்னைக்குக் காலைல போய் மேசைல வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில இயேசு இருக்குற உருவம்), மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வைக்கணும். விழுங்கச் சிரமம்னா முன்னாடியே சொல்லிடுங்க, அப்பத்துல சின்னத் துண்டு போதும். நற்கருணை வாங்குறதுக்கு முன்னாடி இருக்குற ஒரு மணி நேர உபவாசம் வயசானவங்களுக்கும் நோயாளிக்கும், கூட இருந்து பார்த்துக்கிறவங்களுக்கும் கட்டாயமில்லை. இது தெரியாம பாட்டியைப் பட்டினி போட்டு வைக்கிற வீடு உண்டு.

செயல் கிறிஸ்தவங்களுக்கு மட்டும்னு இல்லை. பக்கத்து வீட்டு இந்துத் தாத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் குடுத்து, தாலுகா ஆபீஸ் வரைக்கும் கூடப் போறதும் ஆறாம் படிதான். அதுக்கு மேல அவர்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். ஏன் வந்தீங்கன்னு அவரே கேட்டா அப்போ சொல்லுங்க.

புதுப் பொறுப்பாளர்
ரொம்ப நன்றி. இன்னொண்ணு, சில வீட்ல கூட்டம் வைக்கவே ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பக்தி இல்லாமன்னு நினைச்சேன்.

மெழுகுதிரி
பக்தி இல்லாம இல்லை, பஜ்ஜி இல்லாம. ஒரு வீட்ல கேசரி வச்சா அடுத்த வீட்ல கேசரியும் வடையும். பதினஞ்சு பேருக்குப் பலகாரம்னா தினக்கூலி வீட்டுக்கு அது ஒரு நாள் சம்பளம். எந்த வீடா இருந்தாலும் டீ மட்டும்னு முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டுருங்க. வசதியான வீட்ல இருந்து ஆரம்பிங்க, அவங்க டீயோட நிறுத்தினா மத்தவங்க துணிஞ்சு முறை எடுத்துப்பாங்க. நாற்காலியும் வாடகைக்கு எடுக்க வேண்டாம், பாயும் ரெண்டு ஸ்டூலும் போதும்.

கோவில்மணி
அதோடு, பகிர்வில் கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்தாம் படிக்கு முன் சொல்லுங்கள். குடிகாரக் கணவனைப் பற்றி ஒரு அம்மா சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சானால், அந்த அன்பியத்தில் பிறகு "மழை நல்லா பெய்யணும்" என்பதைத் தவிர யாரும் எதையும் பகிரமாட்டார்கள்.