டோக்கன் கைதவறிய இரவு: இப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மெயின்லைன்
ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கிறது. எண்பதுகளின் கடைசி, மீட்டர்கேஜ் காலம். மாமா வேலை பார்த்த சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். ராத்திரி எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது, டோக்கனை மாற்றிக்கொண்டு போய்விடும். டோக்கன் என்றால் அடுத்த ஸ்டேஷன் வரை ஒற்றைப் பாதையில் போவதற்கான அனுமதி, பிரம்பு வளையத்தில் கட்டிய பைக்குள் இருக்கும். ஸ்டேஷன் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் ஒரு கையில் தீப்பந்தம், இன்னொரு கையில் பிரம்பு வளையத்தோடு நின்றார். எஞ்சினிலிருந்து வீசிய பழைய வளையம் சரளையில் உருண்டு என் காலருகே வந்து விழுந்தது. புதியது எஞ்சின்காரர் கையில் மாட்டவில்லை. விரலில் தட்டி, பையோடு கீழே போய்விட்டது. பிரேக் கிறீச்சிட்டு, பாதி வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டிய பிறகே நின்றது. பாயிண்ட்ஸ்மேன் பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்து, பெட்டி பெட்டியாகக் குனிந்து தேடிக்கொண்டே ஓடினார். ஜன்னல்களில் தூக்கக் கலக்க முகங்கள். எப்படியோ கிடைத்தது, எஞ்சின் வரை ஓடிக் கொடுத்தார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை. தவறு அவருடையதா, எஞ்சின்காரருடையதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

12மிமீ
நான் கைதவறிப் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பைக்குள் டோக்கனாக இருக்கும் பந்தைத் தொட்டிருக்கிறேன். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ், 2010 செப்டம்பரில் மூடினார்களே, அதற்குச் சில வாரம் முன்பு. முன்னால் ஒரு ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின், பின்னால் தள்ள இன்னொன்று. ஆரியங்காவில் வண்டி நின்றபோது பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். உருண்டையான இரும்பு, இரண்டு பக்கத்து ஸ்டேஷன் எழுத்துகளும் வெட்டியிருந்தன. பல பேர் கை பட்டு எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தது. அந்த எடையை எதிர்பார்க்கவே இல்லை. ஸ்டேஷனில் இப்படி நிறைய பந்து இருக்கும், மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்து வண்டியை அனுப்புவார். இப்போது வீட்டில் 12 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் அந்தப் பாதையின் பதிமூன்று கண் பாலத்தை மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பந்துதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிளாக்கருவி
தம்பி, "மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்து" என்று எழுதியது தப்பு. நான் சிக்னல் மெயின்டெய்னராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்துகளைப் பூட்டி வைத்திருக்கும் நீல்ஸ் கருவியில் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு பந்தைக்கூட எடுக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன்காரர் மணியடித்து ஒப்புக்கொண்டு, அங்கே பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே கைப்பிடி திரும்பும், பந்து விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பந்து ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டாவது வராது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் காத்தது இதுதான்.

என் அனுபவம் சின்னது. ஒரு பக்கம் வண்டி அதிகம் போனால் பந்தெல்லாம் ஒரே ஸ்டேஷனில் சேர்ந்துவிடும். பூட்டைத் திறந்து, எண்ணி, கையெழுத்துப் போட்டு, தோளில் சுமந்து அடுத்த ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஒரு மழை நாளில் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பையின் தையல் மடிப்பில் அது கிடைப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

சரி, மாடல் கட்டுகிறவருக்குச் சில விஷயம். வளையம் இரண்டடி என்று வைத்தால் 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, 7 மி.மீ. வரும். மெல்லிய செப்புக் கம்பியை ஆணியில் சுற்றி வெட்டுங்கள், அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்தால் பை. பாயிண்ட்ஸ்மேனை பிளாட்பார நடுவில் நிறுத்தாதீர்கள், எஞ்சின்காரர் எட்டிப் பிடிக்கிற ஓரத்தில் நிறுத்துங்கள். கருவி மாஸ்டர் அறையில், ஜன்னல் வழியாகத் தெரிய வேண்டும். பந்தத்துக்கு மினுக்குகிற எல்இடி போதும், மஞ்சளைவிட ஆரஞ்சு நல்லது. அப்புறம் பொம்மைக்கருவியோடு விடாதீர்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நிஜமாகவே ஒரே ஒரு கோலிக்குண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் விளையாடிப் பாருங்கள். கிராசிங், அதாவது எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில் விலகிப் போவது, எவ்வளவு கஷ்டம் என்று ஒரே மாலையில் புரிந்துவிடும்.

மெயின்லைன் கேட்டதற்கு: கைதவறுவது பெரும்பாலும் பிளாட்பாரத்தில் நிற்கிறவர் வளையத்தைச் சரியான உயரத்தில் பிடிக்காததால்தான்.

பட்டிப்பொல
இலங்கையில் எங்களுடைய மலையகப் பாதையில் பந்து இல்லை, டயர் கருவியின் வட்டத் தகடு. டேப்லட் என்போம். 1874-இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு எட்வர்ட் டயர் செய்த கருவி. நான் பார்த்தது பட்டிப்பொலயில், கடல் மட்டத்திலிருந்து 1,898 மீட்டர் உயரம். விடியப்புறம், மூடுபனியில் கைகாட்டியே தெரியவில்லை. நிலைய அதிபரின் அறையில் மணி அடித்தது. அதிபர் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, சிவப்புக் கருவியின் முன் நேராக நின்று பதில் மணி அடித்தார். புகையிரதத்தின் விளக்கு பனிக்குள் தெரிய இன்னும் நெடுநேரம் இருந்தது. அவர் அப்படி நின்றதை மறக்க முடியவில்லை.

டீசல்ஷெட்_மகள்
பிளாக்கருவி ஐயா, உங்கள் கடைசி வரியை ஏற்க முடியவில்லை. அப்பா எஞ்சினில் அசிஸ்டென்ட். முதலில் பழைய வளையத்தை விட வேண்டும், அடுத்த நொடி அதே கையை வளைத்து புதியதை வாங்க வேண்டும். வண்டி கொஞ்சம் வேகமாக வந்தாலே இரண்டும் சேர்ந்துவிடும், அதற்குக் கீழே நிற்கிறவர் என்ன செய்வார்? அப்பாவின் முழங்கைக்கு மேலே எப்போதும் கன்றிப்போன நீலத் தடம் இருக்கும். அம்மா ராத்திரியில் தேங்காயெண்ணெய் சுடவைத்துத் தடவுவார். பையின் எடை வேகத்தோடு வந்து மோதும் இடம் அது. தவறிவிட்டால் பிரம்பு விரலைக் கிழித்துக்கொண்டு போகும் என்றும் சொல்லியிருக்கிறார். மேலே இருப்பவருக்கு மட்டுமல்ல, கீழே பிடித்திருப்பவருக்கும்.

மெயின்லைன்
அம்மா, இதைப் படித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. பந்தம் வலது கையில் இருந்தது. பெஞ்சில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இடது கையை. மாமா உள்ளே போய் ஒரு துணியைக் கிழித்து எடுத்துவந்தார்.