மரபுப் பாதுகாப்புப் பகுதியில் பழைய வீடு: முன்பணம் கொடுக்குமுன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

கேள்வி (வீடு தேடுபவர்):

வணக்கம். நகரின் மரபுப் பாதுகாப்புப் பகுதி ஒன்றில், நூறாண்டுகளைக் கடந்த வரிசை வீடு ஒன்றை வாங்குவது குறித்து நானும் என் மனைவியும் பேச்சு நடத்தி வருகிறோம். இருபுறமும் அண்டை வீடுகளுடன் பொதுச்சுவர் உள்ளது. மாடித் தளத்தை மர உத்தரங்கள் தாங்குகின்றன. தெருவிலிருந்து தெரியும் முகப்பைத் தவிர வேறு எதையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர் வாய்மொழியாகச் சொல்கிறார். ஆனால் பின்புறக் குளியலறையும் மாடியறையும் அண்மையில் கட்டப்பட்டவையாகத் தோன்றுகின்றன. கூடத்துச் சுவர்களில் இடுப்பளவு உயரத்துக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே வண்ணம் உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. இந்த வீட்டின் மீது எங்களுக்கு மிகுந்த விருப்பம் ஏற்பட்டுவிட்டது. அந்த விருப்பமே எங்கள் கண்ணை மறைத்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். முன்பணம் கொடுக்குமுன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

மறுமொழி (சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவர்):

மரபுப் பகுதியில் அமைந்த வீடு என்பதும், தனிப்பட்ட முறையில் மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்பதும் வேறு வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான பாதுகாப்புப் பகுதிகளில் கட்டுப்பாடு பெரும்பாலும் வெளித்தோற்றத்தைப் பற்றியது. ஆனால் அங்கேயே ஒரு கட்டடம் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் மாடிப்படி, கதவு, கூரைப் பூச்சு வரை அனைத்தும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இல் கொண்டுவந்த முன்னோடி விதிகள் வெளிப்புறத்தையே கருத்தில் கொண்டவை. நீங்கள் வாங்கவிருக்கும் வீடு இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உரிய அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். விற்பவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தாலும் அவருடைய வாய்மொழி இதற்குப் போதாது.

குளியலறையையும் மாடியறையையும் பற்றி நீங்கள் கவலைப்படுவது முற்றிலும் நியாயமானது. அனுமதியின்றிக் கட்டியவர் முந்தைய உரிமையாளராகவே இருந்தாலும், அதை இடித்து முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பல நாடுகளில் இன்றைய உரிமையாளர் மீதே விழும். இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடங்களைப் பொறுத்தவரை இத்தகைய நடவடிக்கைக்குக் காலவரம்பே கிடையாது. ஆகவே அனுமதி ஆணையையும், ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கேட்டு வாங்கி, அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். பொதுச்சுவரின் உரிமை, மழைநீர் வெளியேறும் வழி ஆகியவை மூலப் பத்திரத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதையும் படித்துவிடுங்கள்.

மறுமொழி (பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்):

சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் விவரித்த அறிகுறியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாண்ட் வகைச் சிமெண்டுக்கு 1824இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. அதற்குப் பின்னரும் நெடுங்காலம் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில்தான் கட்டப்பட்டு வந்தன. அத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சினாலும், தன் மேற்பரப்பு வழியே அதை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிப்பட்டு, தான் சுமந்து வந்த உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, தடுக்கப் பூசியது அதை இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவே.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அந்தச் சுவருக்குள் பதிந்திருக்கும் உத்தர முனைகள். உத்தரத்தின் நடுப்பகுதி உறுதியாகவே இருக்கும்; ஈரச் சுவருக்குள் மறைந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும், கரையானும் அங்கேதான் நுழையும். இரண்டு இடங்களிலாவது தளப் பலகையைத் திறந்து முனையைத் துளையிட்டுப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். இரு முள்களைச் சுவரில் குத்திப் பார்க்கும் ஈரமானியின் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். உப்பேறிய சுவரில் அக்கருவி உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். சுவரின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து, உலர்த்தி எடை பார்ப்பதே நம்பத்தக்க முறை. பழுது பெரும்பாலும் உடைந்த வடிகாலிலோ, உயர்த்தப்பட்ட வெளித்தரையிலோ தொடங்கியிருக்கும் என்பதால் அவற்றைச் சரிசெய்துவிட்டு, சிமெண்டைக் கவனமாகப் பெயர்த்து, சுவர் காயப் பல மாதங்கள் விட்டு, அதன் பிறகே சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். அந்தக் காலத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (இத்தகைய வீட்டை விற்றவர்):

நான் மறுபக்கத்தில் நின்றவன். என் வீட்டை முதலில் பார்க்க வந்தவர்களிடம் மாடிக் கூரையின் பழுதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர்களின் பொறியாளர் அதைக் கண்டுபிடித்த அன்றே பேச்சு முறிந்தது, அதன்பின் நான் சொன்ன உண்மைகளையும் அவர்கள் நம்பவில்லை. அடுத்து வந்தவர்களிடம் அனுமதி ஆணைகள், பழுதுபார்த்த இரசீதுகள், வேலையின்போது எடுத்த படங்கள் ஆகியவற்றை முதல் நாளிலேயே கொடுத்தேன். அவர்கள் விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டார்கள், ஆனால் வாங்கினார்கள். உங்களுக்கு விற்பவரிடம் அப்படியொரு கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய நாளிலிருந்து நீங்களே தொடங்குங்கள். பின்னாளில் விற்க நேர்ந்தால் வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு அதுவே உங்கள் கையில் இருக்கும்.

வீடு தேடுபவர்:

மூவருக்கும் நன்றி. வரைபடத்தைக் கேட்டபோது, குளியலறைக்கு அனுமதி உண்டென்றும் மாடியறைக்கு இல்லையென்றும் விற்பவர் ஒப்புக்கொண்டார். இந்நிலையில் விலகிவிடுவதுதான் முறையா?

மறுமொழி (சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவர்):

உடனே விலக வேண்டியதில்லை. அந்த அறைக்குப் பின்னேற்பு அனுமதி, அதாவது கட்டி முடித்த பிறகு பெறும் ஒப்புதல், கிடைக்குமா என்பதை விற்பவரே தம் பெயரில் விண்ணப்பித்து அறியட்டும். கிடைக்காவிட்டால், கிரயத்துக்கு முன் அவரே தம் செலவில், உரிய ஒப்புதலோடு அதை அகற்ற வேண்டும் என்றும், இரண்டும் நடக்காவிட்டால் முன்பணம் முழுவதும் உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உத்தர முனைகளைத் திறந்து பார்க்கும் உரிமையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இவற்றுக்கு அவர் மறுத்தால் அப்போது விலகுங்கள்.